பழைய உளியும் இழைப்புளியும் தேடிப் போகிறவர்களுக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பித்தளைதான். குத்துவிளக்கு, கூஜா, வெற்றிலைப் பெட்டி, செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழற்றி வந்த கதவு நிலை, எனாமல் பாத்திரம், ஓடாத சுவர்க் கடிகாரம். "தச்சுச் சாமான் ஏதாவது இருக்கா அண்ணே?" என்று கேட்டால் கடைக்காரர் கொஞ்சம் யோசிப்பார். அப்புறம் பின்கட்டில் கிடக்கும் ஒரு சாக்கையோ நசுங்கிய தகர டப்பாவையோ கைகாட்டுவார். அதற்குள் துருப்பிடித்த உளிகள், பிடி இல்லாத சுத்தியல் தலை, ஒடிந்த ரம்பம், என்னவென்று தெரியாத நாலைந்து இரும்புத் துண்டுகள். நமக்கு வேண்டியது அந்தச் சாக்குக்குள் இருக்கிறது.

பழம்பொருள் கடைக்காரர் விலை வைப்பது பளபளப்புக்கு. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வீட்டு வரவேற்பறையில் மாட்டி வைக்க வாங்குகிறார்கள், அதனால் அது சரியான விலைதான். நாம் மரம் இழைக்கப் போகிறோம். நாம் பார்க்க வேண்டியது அந்தக் கருவியில் மிச்சமிருக்கும் எஃகு எவ்வளவு, உடம்பில் விரிசல் உண்டா என்ற இரண்டையும்தான். இந்த இரண்டையும் பார்க்கப் பழகிவிட்டால், மற்றவர்கள் ஒதுக்கிய சாக்கிலிருந்து நல்ல சாமான் எடுக்கலாம். பழகாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. என் முதல் இழைப்புளி கண்ணாடி போல மின்னியது. வீட்டுக்குக் கொண்டுவந்து மண்ணெண்ணெயில் துடைத்தபோது கறுப்புப் பெயின்ட் கரைந்து, அடியில் எம்-சீல் வைத்து அடைத்த விரிசல் பல்லைக் காட்டியது. இன்றும் அலமாரியில் காகிதம் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறேன்.

எதை வாங்குவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கடைக்குள் போன பிறகு முடிவு செய்யலாம் என்று போகிறவர்கள் கையில் ஒரு பித்தளைத் தொலைநோக்கியோடு திரும்பி வருகிறார்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் பட்டியல் சின்னது: ஒரு நாலாம் நம்பர் இரும்பு இழைப்புளி, கால், அரை, ஒரு அங்குலம் என்று மூன்று உளி, செங்கோணம் பார்க்க ஒரு மூலைமட்டம், ஒரு கை ரம்பம். உளியைத் தட்டும் மரச் சுத்தியலான கொட்டாப்புளி வேண்டுமென்றால் புளியங்கட்டையில் ஒரு தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம், பழையதைத் தேட வேண்டியதில்லை.

நாலாம் நம்பர் என்பது ஸ்டான்லி கம்பெனி வைத்த அளவு. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்த அந்தக் கம்பெனி 1869-இல் லெனார்ட் பெய்லி என்பவரின் காப்புரிமைகளை வாங்கியது. அதிலிருந்து வந்த இழைப்புளி வடிவத்தைத்தான் உலகம் முழுக்கப் பின்னால் காப்பியடித்தார்கள். நாலாம் நம்பர் ஏறக்குறைய 9 அங்குல நீளம், 2 அங்குல பிளேடு. ஐந்தாம் நம்பர் 14 அங்குலம், ஏழாம் நம்பர் 22 அங்குலம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1931 முதல் ரெக்கார்டு என்ற பெயரில் வந்தவை அதே எண்ணுக்கு முன்னால் சுழியம் போட்டு 04, 05 என்று இருக்கும், நீல நிறம். நம் பக்கத்துக் கடைகளில் இங்கிலாந்து ஸ்டான்லியும் ரெக்கார்டும்தான் அதிகம் கண்ணில் படும். அமெரிக்க ஸ்டான்லி வந்தால் வரம். இந்தியத் தயாரிப்பான அனந்த் இழைப்புளியும் பழையது கிடைக்கும். ரெக்கார்டின் சாயலில் செய்தது. வேலைப்பாடு கொஞ்சம் முரடு, ஆனால் நாலு மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்தால் நன்றாகவே வேலை செய்யும். அனந்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்.

மரத்தில் செய்த நம் ஊர் இழைப்புளியை என்ன செய்வது? இழைப்பு, உளி இரண்டும் சேர்ந்ததுதான் இழைப்புளி. பேரிலேயே உளி ஒளிந்திருக்கிறது, பொருளும் அப்படித்தான்: ஒரு உளியைச் சாய்த்துப் பிடிக்க ஒரு கட்டை. கட்டை உளுத்துப் போயிருந்தாலும் உள்ளே இருக்கும் பிளேடைக் கழற்றிப் பாருங்கள். தச்சர்கள் கட்டையைத் தாங்களே செய்துகொண்டு பிளேடை மட்டும் வாங்கிப் போட்டார்கள். அதனால் நூறு ரூபாய்க் கட்டைக்குள் அருமையான ஷெஃபீல்டு பிளேடு இருப்பதுண்டு.

எங்கே போவது

காரைக்குடியைச் சொல்லிவிட்டேன். சென்னையில் மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்து போனது, அந்தப் பழைய வளாகத்தின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றைக்குச் சென்ட்ரல் பக்கத்து வளாகத்தில் அதைத் தேடி ஏமாற வேண்டாம். புதுச்சேரியில் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். அங்கே ஒரு ஆசை எனக்கு இன்னும் நிறைவேறவில்லை: சிங்கம் பொறித்த பெஷோ ரம்பம். கார் செய்வதற்கு முன்பே பிரான்சின் பெஷோ குடும்பம் ரம்பமும் கைக்கருவியும் செய்தது, அந்தச் சிங்கத்தை 1858-இலேயே பதிவு செய்தார்கள். கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் பார்க்க நிறைய உண்டு. சுற்றுலா வருகிறவர்களுக்கான விலை, அதனால் பார்க்க மட்டும் போங்கள்.

உண்மையில் நான் அதிகம் வாங்கியது காயலான் கடைகளில். காயல்பட்டினத்துக்காரர்கள் நடத்தியதால் வந்த பெயர் என்பார்கள். அங்கே கருவிக்கும் கம்பிக்கும் ஒரே விலை, எடைக்கு எடை. குறை என்னவென்றால், நாம் போவதற்குள் நல்ல பொருள் உருக்கப் போயிருக்கும், அல்லது ஒருவர் பழம்பொருள் கடைக்கு எடுத்துப் போயிருப்பார். வாரம் ஒரு தடவை எட்டிப் பார்ப்பதுதான் வழி. இன்னொரு இடம், தொழிலை விட்ட ஆசாரி வீடு. அங்கே போகிறவர்கள் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். அப்பாவின் பெட்டியைத் திறந்து காட்டுகிற மகனிடம் ஐம்பது ரூபாய் குறைத்து வாங்குவதில் ஒன்றும் இல்லை. கேட்ட விலையைக் கொடுங்கள், அல்லது வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.

பையில் ஆறங்குல ஸ்டீல் ஸ்கேல், சின்ன டார்ச், ஒரு காந்தம், நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற லென்ஸ், நடுத்தர அளவில் ஒரு திருப்புளி, பழைய துணி, ஒரு தேய்ந்த அரம். இவை போதும். காந்தம் எதற்கு என்றால், பித்தளை முலாம் பூசிய இரும்பைப் பித்தளை என்று விற்பதைப் பிடிக்க. காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு.

இழைப்புளியைக் கையில் எடுத்தால்

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான்.

முதலில் கவிழ்த்துப் பிடியுங்கள். அடிப்பாகத்தின் நடுவே பிளேடு வெளியே வரும் பிளவுதான் வாய். வாயின் இரண்டு ஓரங்களிலிருந்தும் பக்கச் சுவரை நோக்கி விரிசல் ஓடும். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் உடைவது அங்கேதான். டார்ச்சை அடித்தளத்தோடு ஒட்டிச் சாய்த்து அடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத கோடு, சாய்த்து அடித்தால் நிழல் விழுந்து தெரியும். துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் தொட்டுத் துடைத்தாலும் விரிசல் கறுத்துக் காட்டும். பெயின்ட் புதிதாக இருந்தால், அதுவும் வாயைச் சுற்றி மட்டும் புதிதாக இருந்தால், வைத்துவிட்டு நகருங்கள். உள்பக்கப் பெயின்டில் கொஞ்சம் உதிர்ந்திருப்பது, தேய்ந்திருப்பது எல்லாம் நல்ல அறிகுறி.

அடுத்து கழற்றுங்கள். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான். மேலே பிளேடை அமுக்கிப் பிடிக்கும் மூடியில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அதைத் தூக்கினால் மூடி வந்துவிடும். உள்ளே இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி இருக்கும். பெரியது பிளேடு, மேலிருப்பது சீவலைச் சுருட்டிவிடும் தகடு. இரண்டையும் எடுத்துவிட்டு வெறும் உடம்பைத் தூக்கிப் பிடித்து விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். நல்ல வார்ப்பு கணீர் என்று ஒலிக்கும். விரிசல் விட்டது உடைந்த சட்டி மாதிரி 'டொக்' என்னும். பானை வாங்கப் போன அம்மாவோடு போயிருப்பவர்களுக்கு இது புதிதில்லை.

பிளேடுக்கு வருவோம். அதன் நடுவே நீளமாக ஒரு துளை ஓடும். துளையின் அடிமுனையிலிருந்து கூர் வரை எவ்வளவு மிச்சம் என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஒரு அங்குலம் இருந்தால் நம் ஆயுளுக்குப் போதும். அரை அங்குலத்துக்குக் கீழே போனால் விலையைக் குறைக்கக் கேளுங்கள். பிறகு பிளேடைத் திருப்பி, சாய்வு இல்லாத தட்டைப் பக்கத்தைப் பாருங்கள். கூருக்கு மேலே ஒரு விரல்கடை தூரம்தான் முக்கியம். செந்துரு மேலே படிந்திருந்தால் கவலையில்லை, நகத்தால் சுரண்டினாலே பொடியாக உதிரும். துரு உள்ளே தின்று அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தால்தான் ஆபத்து. அந்தக் குழி கூரைத் தொடும் இடத்தில் கூர் ஒருநாளும் நேராக வராது. சீவிய மரத்தில் கோடு கோடாக விழும். மற்ற இடங்களில் குழி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

பிளேடு கெட்டிருந்தாலும் இழைப்புளியை உடனே ஒதுக்க வேண்டியதில்லை. 2 அங்குல பிளேடு புதிதாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். கைப்பிடி உடைந்தால் ஒட்டலாம், புதிதாகக் கடையலாம். பழைய ஸ்டான்லிகளில் கைப்பிடி ரோஸ்வுட், நம் ஈட்டி மரத்தின் தூரத்துச் சொந்தம். ஒட்டியதும் ஒட்டியது தெரியாது. திருகு தொலைந்திருந்தால்தான் தலைவலி. ஸ்டான்லியின் பல திருகுகள் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் மரை அளவில் இருக்காது. ஒரு திருகுக்காக இன்னொரு இழைப்புளி வாங்க வேண்டியிருக்கும், நான் வாங்கியிருக்கிறேன். ஆகவே பிளேடு சாய்ந்து உட்காரும் இரும்புக் கட்டையைப் பிடித்திருக்கும் இரண்டு திருகு, ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் பித்தளைச் சக்கரம், அந்தச் சக்கரத்தில் மாட்டியிருக்கும் கவட்டைத் துண்டு, பிளேடை இடம் வலம் அசைக்கும் நெம்புகோல், இந்த நாலும் இருக்கிறதா என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். கவட்டைத் துண்டின் ஒரு கால் ஒடிந்திருப்பது சகஜம். அது மறைவாக இருப்பதால் பலர் பார்ப்பதில்லை. சக்கரம் இறுகியிருந்தால் பரவாயில்லை, மண்ணெண்ணெய் பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக ஸ்கேலின் விளிம்பை அடிப்பாகத்தில் நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். முன்முனை, வாயின் முன்பக்கம், பின்முனை மூன்றும் ஸ்கேலைத் தொட்டால் தாராளமாகப் போதும். நடுவில் முடி அளவு வெளிச்சம் வந்தால் உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்துவிடலாம்.

உளி

உளியில் பார்க்க வேண்டியது நீளம், தட்டைப் பக்கம், நிறம். நீளம் சொல்லத் தேவையில்லை, தேய்ந்து கட்டைவிரல் அளவுக்கு வந்ததை வாங்காதீர்கள். தட்டைப் பக்கத்துக் குழி பற்றி மேலே சொன்ன அதே விதி. நிறம் எப்படி என்றால், கூருக்குப் பக்கத்தில் நீலமோ ஊதாவோ படர்ந்திருந்தால் யாரோ மின் சாணையில் அவசரமாகப் பிடித்து எஃகைச் சூடேற்றிவிட்டார்கள், பதம் போய்விட்டது. பழைய அரத்தை ஓரத்தில் மெல்ல வைத்து ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு. அரம் வழுக்கினால் எஃகு கெட்டி. வெண்ணெயில் கத்தி மாதிரி பற்றினால் பதம் இல்லை. அப்படி இருந்தாலும் நீலம் அரை அங்குலத்துக்குள் நின்றிருந்தால் அதுவரை தேய்த்துத் தள்ளிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம்.

பழைய உளியிலும் பிளேடிலும் "காஸ்ட் ஸ்டீல்" என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பதைப் பார்த்து ஏதோ வார்ப்பிரும்பு என்று கீழே போட்டுவிடாதீர்கள், நான் முதலில் அப்படித்தான் நினைத்தேன். களிமண் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் குடுவையில், எஃகை உருக்கி வார்க்கும் முறையை 1740-களில் ஷெஃபீல்டு பக்கம் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் செய்து காட்டினார். அந்த எஃகின் பெயர்தான் அது. கூர் தாங்கும், சாணையிலும் எளிதில் கூர் ஏறும். மூசையில் எஃகு உருக்குவது நமக்கு ஹன்ட்ஸ்மனுக்கு வெகுகாலம் முன்பே தெரியும். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் அந்தத் தொழிலின் தடயம் கிடைத்திருக்கிறது. சரி, அது வேறு கதை.

லென்ஸ் வைத்து உளியின் சாய்வுப் பக்கத்தைப் பாருங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கோடு ஓடி, கோட்டுக்கு ஒருபக்கம் ஒரு நிறமும் மறுபக்கம் இன்னொரு நிறமும் தெரிந்தால் மெத்தென்ற இரும்பின்மேல் கெட்டி எஃகைப் பற்றவைத்து அடித்தது. நல்ல சாமான். மார்பிள்ஸ், வார்டு அண்டு பெய்ன், சார்பி என்ற பெயர்கள் தெரிந்தால் தயங்காமல் எடுங்கள். ஆனால் பெயரே இல்லாத, கொல்லர் பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்த உளியையும் ஒதுக்காதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த அரை அங்குல உளி அப்படிப்பட்டதுதான். தலை காளான் மாதிரி விரிந்திருந்தது, அதைத் தேய்த்து எடுத்தேன். தேய்க்காமல் அடித்தால் அந்த விளிம்புச் சில்லு தெறித்துக் கண்ணில் படும். சுத்தியல் முகத்தில் சில்லு போயிருந்தால் அதையும் வாங்காதீர்கள், இதே காரணம்தான்.

மற்றவை சீக்கிரமாக

ரம்பத்தைக் கண்ணருகே துப்பாக்கி மாதிரி பிடித்து முதுகோடு பாருங்கள். ஒரே வில்லாக வளைந்திருந்தால் நிமிர்த்தலாம். ஓர் இடத்தில் மடங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று பல் போனால் பரவாயில்லை, முக்கோண அரத்தால் புதிதாகப் பல் வெட்டிக்கொள்ளலாம். கைப்பிடியில் ஒரு பித்தளை வில்லை பதித்திருக்கும். ஃபிலடெல்ஃபியாவின் டிஸ்டன் கம்பெனி அந்த வில்லையின் எழுத்தைக் காலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே வந்ததால், அதை வைத்து ரம்பத்தின் வயதைக் கணிக்கிறார்கள்.

மூலைமட்டத்தைச் சோதிக்க ஒரு பலகையின் நேரான ஓரம் போதும். ஓரத்தில் வைத்து ஒரு கோடு, அப்படியே திருப்பிப் போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சரி. ரசமட்டமும் அப்படித்தான். குமிழி எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு முனை மாற்றி வைத்தால் அதே இடத்தில் நிற்க வேண்டும். பர்மிங்காமின் ரேபோன் கம்பெனி செய்த பாக்ஸ்வுட் மடக்கு அடிக்கோல்கள் ரொம்ப அழகு. மூட்டு ஆடாமல், எண் அழியாமல் இருந்தால் வாங்கலாம். கையால் சுற்றும் துரப்பணங்களில் பிடி ஆடினாலும், பிட்டைக் கவ்வும் தாடைகள் மூன்றும் ஒழுங்காக மூடுகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

முத்திரையை வாசிப்பது

துருவுக்கு அடியில் பெயர் இருக்கும், நகத்தால் தடவினால் பள்ளம் விரலில் தட்டுப்படும். ஸ்டான்லியின் உடம்பில், பிளேடு உட்காரும் கட்டைக்குப் பின்னால், காப்புரிமைத் தேதிகள் வார்ப்பிலேயே இருக்கும். 1902-இல் இரண்டு, 1910-இல் ஒன்று என மூன்று தேதி இருந்தால் அது 1910-க்குப் பிந்தையது, முதல் உலகப்போர்க் காலத்தை ஒட்டியது. தேதி என்பது காப்புரிமை வாங்கிய நாள், செய்த நாள் இல்லை. இந்த ஒரு குழப்பத்தை வைத்தே நிறைய விலை பேசப்படுகிறது.

நம் பக்கத்தில் எனக்குப் பிடித்த முத்திரை எஸ்.ஐ.ஆர். தென்னிந்திய ரயில்வேயின் பட்டறைகளில் சுத்தியலிலும் ஸ்பேனரிலும் உளியிலும் அடித்தது. அந்த ரயில்வே 1951 ஏப்ரலில் மற்ற இரண்டு ரயில்வேக்களோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது. ஆகவே அந்த மூன்றெழுத்து இருந்தால் அதற்கு முந்தைய சாமான் என்று உறுதியாகச் சொல்லலாம், மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டாவின் எம்.எஸ்.எம். எழுத்துக்கும் அதே கணக்கு. ஆனால் இன்றைய ரயில்வேயின் முத்திரை இருந்தால் தொடாதீர்கள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, விற்றவரோடு வாங்கியவரும் பதில் சொல்ல வேண்டிவரும். பழைய முத்திரைப் பொருள் வாங்கும்போதும் ஒரு கைச்சீட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பறவைக் காலடி மாதிரி மூன்று கோடு சேர்ந்த அம்புக்குறி இருந்தால் பிரிட்டிஷ் அரசுக்குச் சொந்தமாக இருந்த சரக்கு.

இனி போலி. "ஸ்டான்லி லண்டன் 1885" என்று பெரிய எழுத்தில் வெட்டிய பித்தளைத் திசைகாட்டியை எந்தச் சுற்றுலாத் தலத்திலும் பார்க்கலாம். லண்டனில் வில்லியம் ஃபோர்டு ஸ்டான்லி என்று ஒரு கருவித் தயாரிப்பாளர் உண்மையிலேயே இருந்தார், இழைப்புளி ஸ்டான்லிக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. அவர் பெயரில் அந்த ஆண்டைப் போட்டு நம் நாட்டிலேயே புதிதாகச் செய்து குவிக்கிறார்கள். வேலைக்கான கருவியில் கம்பெனிக்காரன் ஆண்டைக் கொட்டை எழுத்தில் போடுவது அரிது. ஆண்டு முதலில் கண்ணில் பட்டால் சந்தேகப்படுங்கள். இன்னொன்று, தேய்மானம் கை படும் இடத்தில் இருக்க வேண்டும். கைப்பிடி புத்தம் புதிதாகவும் கை படாத மூலைகள் கறுத்தும் இருந்தால் யாரோ அமிலத்தில் முக்கியெடுத்திருக்கிறார்கள்.

விலை பேசுவது

கடைக்குள் நுழைந்து "ஆண்டிக் டூல்ஸ் இருக்கா?" என்று கேட்காதீர்கள். அந்தச் சொல்லுக்கே தனி விலை. தச்சுச் சாமான் என்று கேளுங்கள். காலையில் கடை திறந்ததும் போனால் முதல் போணி என்று கொஞ்சம் விட்டுக் கொடுப்பார்கள். ஆனால் போணி நேரத்தில் பேரம் பேசிவிட்டு வாங்காமல் வரக் கூடாது, அது மரியாதையும் இல்லை, அடுத்த தடவை உள்ளே விடவும் மாட்டார்கள். புதிய இழைப்புளி என்ன விலை என்று முன்கூட்டியே போனில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை பார்க்க வேண்டிய பழைய ஒன்றுக்கு நான் அதில் பாதிக்கு மேல் கொடுப்பதில்லை.

குறையைச் சொல்லிப் பேசுவதைவிடச் சேர்த்து வாங்கிப் பேசுவது பலிக்கிறது. ஒரு கடையில் நான்கு உளி, ஒரு ரம்பம், பிடியில்லாத சுத்தியல் தலை எல்லாவற்றையும் தரையில் வரிசையாக வைத்தேன்.

"மொத்தமா என்ன தரலாம் அண்ணே?"

"ஆயிரத்து ஐந்நூறு குடுங்க தம்பி."

"தொள்ளாயிரம் இருக்கு. இதுக்கு மேல பஸ் காசுதான்."

"பஸ் காசு வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் சேருங்க. ஆயிரத்து நூறு."

ஆயிரத்து ஐம்பதில் முடிந்தது. சாக்கின் அடியில் கிடந்த ஒரு பழைய தூக்குக்குண்டையும் அவராகவே எடுத்துப் போட்டார்.

வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு ஒன்று. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, கைவினையைக் காட்டும் பொருள் நூறு ஆண்டுக்கு மேற்பட்டிருந்தால் அதைத் தனிநபர் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ஷெஃபீல்டு உளி என்ன பெரிய தொல்பொருள் என்று நினைக்கலாம், விமான நிலையத்தில் அந்த வாதம் செய்யும் நிலைமைக்கு ஆளாக வேண்டாம். இந்தியாவிலேயே இருப்பவர்களும் யானைத் தந்தப் பிடி போட்ட எதையும் வாங்காதீர்கள். தந்த வியாபாரம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம், எவ்வளவு பழையதாக இருந்தாலும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

அன்றைக்கே வேலையைத் தொடங்காதீர்கள். முதலில் படம் எடுத்து வையுங்கள், எந்தத் திருகு எங்கே இருந்தது என்று பின்னால் தேவைப்படும். பிறகு எல்லாத் திருகுகளிலும் மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு. துருவுக்கு எளிய வழி வினிகரில் ஊறவைப்பது. எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரும் ஆகும். மாலையில் போட்டுக் காலையில் எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் மறந்துவிட்டால் நல்ல இரும்பையும் தின்றுவிடும். எடுத்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, அடுப்புப் பக்கத்தில் காயவைத்து, உடனே எண்ணெய். உடனே என்றால் உடனே. சென்னைக் கடற்காற்றில் துடைத்த இரும்பு அரை மணியில் மஞ்சள் பூத்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் நல்லது, தேங்காய் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசுபிசுக்கும்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர வைத்து உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள், ஈரமாகவே தேயுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். மின் சாணையில் மாட்டிய கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். முத்திரை எழுத்தெல்லாம் அதில்தான் அழிகிறது. இரும்பு கறுத்திருப்பது அசிங்கம் இல்லை, வேலை செய்யும் பரப்பு மட்டும் மின்னினால் போதும். இரும்புப் பெட்டிக்குள் மரத்தை அடைத்துச் செய்த பிரிட்டிஷ் இழைப்புளி ஏதாவது கையில் சிக்கினால், குறிப்பாக நாரிஸ் அல்லது ஸ்பையர்ஸ் என்ற பெயர் இருந்தால், துடைத்து எண்ணெய் போட்டதோடு நிறுத்திவிட்டு விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கூர் பிடிக்க ஒரு கார்போரண்டம் கல், இரண்டு பக்கமும் இரண்டு பருமன் உள்ளது, போதும். முதலில் தட்டைப் பக்கத்தைக் கல்லில் கண்ணாடியாக்குங்கள், கூருக்கு மேலே ஒரு விரல்கடை மட்டும். பிறகு சாய்வை 25 டிகிரியில் பிடித்துத் தேய்த்தால் எதிர்ப்பக்கம் முள் மாதிரி ஒரு மெல்லிய பிசிறு விரலில் தட்டுப்படும். தட்டைப் பக்கத்தை ஒரு முறை கல்லில் இழுத்து அந்தப் பிசிறை எடுங்கள். பலா அல்லது தேக்குத் துண்டு ஒன்றின் ஓரத்தில் வைத்துத் தள்ளிப் பாருங்கள். சீவல் காகிதமாகச் சுருண்டு வாய்வழியே மேலே எழும்பினால் இழைப்புளி தயார்.

சாமான் நன்றாக வந்தால் அதை வாங்கிய கடைக்குத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நான் அந்தத் தூக்குக்குண்டு கொடுத்தவரிடம் தீட்டிய உளியைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், முன்கையில் நாலு முடியை மழித்துப் பார்த்தார். உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். இப்போது சாக்கில் ஏதாவது விழுந்தால் அவரே கூப்பிடுகிறார். போன வாரம் கூப்பிட்டு, "தம்பி, முக்கால் அங்குலம் ஒண்ணு வந்திருக்கு, பேர் படிக்க வரலை, வந்து பாருங்க" என்றார். சனிக்கிழமை போகிறேன்.